மூன்று கண்டாங்கி, ஆறு படங்கள்: மாணவர்களுக்கான ஃபேஷன் படப்பிடிப்பு வழிகாட்டி

விஸ்காம், ஃபேஷன் டிசைன் மாணவர்கள் எடுக்கும் முதல் ஃபேஷன் படத்தொகுப்பு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. மாடல் அழகாக இருப்பார், பின்னணி மங்கிக் குழைந்திருக்கும். ஆனால் உடுத்தியிருப்பது பருத்தியா பட்டா, கரை எவ்வளவு அகலம், கொசுவம் முன்னாலா பின்னாலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது நல்ல உருவப்படமாக இருக்கலாம், ஃபேஷன் படம் ஆகாது. லென்ஸ், வெளிச்சம், இடம், மாடல் நிற்கும் கோணம் எல்லாமே ‘இந்தத் துணியில் எதைக் காட்டப் போகிறோம்’ என்ற கேள்வியிலிருந்து கிளம்ப வேண்டும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் பயன்படாது என்பதால் ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலைகள் மூன்று, இறுதிப் படங்கள் ஆறு, ஒரே நாள், கல்லூரியில் இரவல் கிடைக்கும் கிராப் சென்சார் கேமரா (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது) ஒன்று. ஃபிளாஷ் கிடையாது.

கண்டாங்கியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காரைக்குடிப் பக்கம் நெய்யப்படும் கனமான பருத்திச் சேலை இது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரிய கட்டங்கள், அகலமான கரை, கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று அழுத்தமான நிறங்கள். கனமான துணி என்பதால் மடிப்பு வைத்த இடத்தில் நிற்கும். ஜரிகை மினுக்கம் படத்தைக் கெடுக்காது. கட்டங்கள் நேர்கோடுகளாக இருப்பதால் நீங்கள் செய்யும் எந்தத் தவறும் உடனே கண்ணில் படும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைக்காது.

துணியைப் படிப்பது

கேமராவைத் தொடுவதற்கு முன் மூன்று சேலைகளையும் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தாளில் நான்கு குறிப்பு எழுதுங்கள்: கட்டத்தின் அளவு, கரையின் அகலம் எத்தனை அங்குலம், முந்தானையில் என்ன இருக்கிறது, துணியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது. பிறகு ஜன்னலோரம் ஒரு முனையைப் பிடித்து, வெளிச்சம் நேராக விழும்போதும் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும்போதும் துணி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நேர் வெளிச்சத்தில் நிறம் தெரியும், நெசவு தட்டையாகிவிடும். பக்க வெளிச்சத்தில் நூலின் முரட்டுத்தனம் எழும்பி வரும். எந்தப் படத்துக்கு எது வேண்டும் என்பதை இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

மூட் போர்டு என்ற பெயரில் எண்பது படங்களை ஒட்டி வைப்பது வேலையைக் குழப்பும். பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் எதற்காக எடுத்தீர்கள் என்று கீழே ஒரு சொல் எழுதுங்கள்: வெளிச்சம், உடல் நிலை, நிறச் சேர்க்கை, சட்டத்துக்குள் உருவம் நிற்கும் இடம். ஒரு சொல்கூட எழுத வராத படத்தைக் கிழித்துப் போடுங்கள்.

அதன்பின் படப்பட்டியல். ஆறு படங்களுக்கு ஆறு அரைப்பக்கம். ஒவ்வொன்றிலும் துணியில் தெரிய வேண்டியது என்ன, எந்தச் சேலை, மாடல் நிலை, லென்ஸ், தூரம், வெளிச்சம் வரும் திசை ஆகியவை இருக்கட்டும். குச்சி மனிதர் படம் போதும். நன்றாக வேலை செய்யும் ஒரு பட்டியல் இதோ: கரையும் கட்டமும் முழுதாகத் தெரியும் நின்ற கோலம், திண்ணையில் உட்கார்ந்த கோலத்தில் மடியில் துணி விழும் விதம், பின்கொசுவம் தெரியும்படி முதுகுப்பக்கம், இடுப்பிலிருந்து மேலே முகமும் முந்தானையும், நடக்கும்போது துணி அசையும் படம், கரையும் உடலும் சேரும் இடத்தின் நெருக்கப் படம்.

பின்கொசுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவது செட்டிநாட்டில் கண்டாங்கியை உடுத்திய பழைய முறை. அதைக் கட்டத் தெரிந்த ஓர் ஆச்சியையோ அத்தையையோ படப்பிடிப்புக்கு முன்பே சந்தித்துக் கற்றுக்கொள்ளுங்கள். அன்றைய காலையில் யூடியூபைப் பார்த்துக் கட்ட முயன்றால் ஒரு மணி நேரம் போய்விடும், கொசுவமும் நிற்காது.

இடமும் அனுமதியும்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் உறவோ நட்போ இருந்தால் நல்லது. செட்டிநாட்டு வீட்டின் வளவு இயற்கையாகவே ஒரு ஸ்டுடியோ: நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தாழ்வாரம். சென்னையில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பாரம்பரிய வீடுகளைக் காட்டும் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு செட்டிநாட்டு வீடே உண்டு. எங்கே போனாலும் மாடலோடு படப்பிடிப்பு நடத்த முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள், கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். நுழைவுச்சீட்டு வாங்கியதும் படப்பிடிப்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து வாசலில் மாட்டிக்கொள்ளும் குழுக்கள் நிறைய. தொல்லியல் துறை பராமரிக்கும் மாமல்லபுரம் போன்ற இடங்களில் முக்காலியை விரித்தாலே கேள்வி வரும். ரயில் நிலையம், மெட்ரோ இரண்டுக்கும் தனி அனுமதி வேண்டும்.

அனுமதி எதுவும் அமையாவிட்டால் மனம் தளர வேண்டாம். வடக்குப் பார்த்த ஜன்னலும் வெறும் சுவரும் உள்ள வகுப்பறை போதும். அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1950-இல் பாரிஸில் எடுத்த புகழ்பெற்ற ஃபேஷன் படங்களுக்குப் பின்னால் இருந்தது பழைய நாடகத் திரை ஒன்று. வெளிச்சம் வெறும் பகல் வெளிச்சம்.

படப்பிடிப்புக்கு முன் ஒருநாள், நீங்கள் எடுக்கப்போகும் அதே மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பார்த்த இடத்தைக் காலை ஒன்பதுக்கு எடுக்கத் திட்டமிட்டால் வெயில் எதிர்த் திசையில் இருக்கும். நண்பரை நிறுத்தி மொபைலில் எடுத்துப் பாருங்கள். உடை மாற்றக் கதவு தாழிடும் அறை, கண்ணாடி, மின்விசிறி, இஸ்திரிக்கு மின் இணைப்பு, கழிப்பறை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆட்கள், ஒப்புதல், பணம்

ஐந்து பேர் போதும்: படம் எடுப்பவர், மாடல், மேக்கப் போடுபவர், உடையைப் பார்த்துக்கொள்பவர், தெர்மாகோல் பிடிப்பவர். வேடிக்கை பார்க்க வரும் நண்பர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மாடலின் கண் அவர்கள் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். மாடல் பெண்ணாக இருந்தால் குழுவில் இன்னொரு பெண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும். கொசுவத்தையோ முந்தானையையோ சரிசெய்யத் தொடுவதற்கு முன் ‘சரிபண்ணட்டுமா’ என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

ஒப்புதல் கடிதம் ஒரு பக்கம் போதும். படங்கள் எங்கே வெளியாகும் (கல்லூரி மதிப்பீடு, கண்காட்சி, இன்ஸ்டாகிராம்), விளம்பரத்துக்குப் பயன்படுமா, மாடலுக்கு எத்தனை படம் எப்போது கிடைக்கும் என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே உரிமை போகும். கடைக்காரர் ஒருவர் செலவை ஏற்றுக்கொண்டு சேலையும் தந்தால், படங்கள் யாருக்கு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

செலவுப் பட்டியலில் மாணவர்கள் மறப்பது மூன்று: சாப்பாடு, ஆட்டோ, சேலையைச் சலவை செய்து திருப்பும் கூலி. மாடலுக்குச் சம்பளம் தர முடியாவிட்டாலும் போக்குவரத்தும் சாப்பாடும் உங்கள் பொறுப்பு. இதில் பேரம் பேசாதீர்கள்.

சேலையைத் தயார் செய்வது

இந்தப் பகுதியில்தான் படம் ஜெயிக்கும் அல்லது தோற்கும். சொந்தச் சேலையாக இருந்தால் லேசாகக் கஞ்சி போட்டு, முந்தின நாள் மாலை ஈரப்பதம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். கஞ்சி அதிகமானால் இடுப்பில் உப்பிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் கொசுவம் அரை மணியில் துவண்டுவிடும். கடையிலிருந்து இரவல் வாங்கிய புதுச் சேலைக்குக் கஞ்சி தேவைப்படாது, தறியின் விறைப்பே போதும். இஸ்திரி போட்டதை மடித்து எடுத்துப் போகாதீர்கள். நான்கு மடிப்புக் கோடு கட்டத்தின் கோட்டோடு சேர்ந்து படத்தில் பொய்க்கட்டம் மாதிரித் தெரியும். அட்டைக் குழாயில் சுற்றி எடுத்துப் போங்கள்.

செருப்போ வெறுங்காலோ, சேலை கட்டும் முன் முடிவு செய்யுங்கள். கட்டிய பிறகு இரண்டு அங்குலக் குதிகால் செருப்பைப் போட்டால் கரை தரையை விட்டு மேலே ஏறிவிடும். உள்பாவாடையைச் சேலையின் உடல் நிறத்திலேயே எடுங்கள். நாடா முடிச்சை வயிற்றின் நடுவில் போட்டால் துணிக்கு மேலே குமிழாகத் தெரியும், பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். வெளிச்சம் மாடலுக்குப் பின்னாலிருந்து வந்தால் கனமான பருத்தியிலும் கால்களின் நிழல் தெரியக்கூடும். ஒரு சோதனைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இரவல் சேலையில் ஊக்கு குத்தும்போது துணிக்கும் ஊக்குக்கும் நடுவில் ஒரு துண்டுத் துணி வையுங்கள், நூல் இழுபடாது. பையில் இருக்க வேண்டியவை: ஊக்கு இரண்டு அளவில், காகிதக் கவ்விகள் பத்து, இருபுறம் ஒட்டும் டேப், ஊசி நூல் மூன்று நிறத்தில், கத்தரி, தூசி எடுக்க அகல செலோ டேப், தண்ணீர் தெளிக்கும் குப்பி, பயண இஸ்திரிப் பெட்டி. மல்லிகைப் பூவை மூன்று முழம் வாங்கி ஒரு முழத்தை மட்டும் வைத்துவிட்டு, மீதியை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்; இரண்டு மணிக்கொருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

லென்ஸும் தூரமும்

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். கிராப் சென்சாரில், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு முழு உருவம் எடுக்க ஏறத்தாழ நாலரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தாழ்வாரத்தில் அந்த இடம் இல்லையென்றால் 35 மி.மீ., அதற்குச் சுமார் மூன்று மீட்டர். அதற்கும் கீழே போகாதீர்கள். கேமராவோடு வரும் கிட் லென்ஸை 18 மி.மீ.-க்குத் திருப்பிக் கிட்டே போய் எடுத்தால் கேமராவுக்கு அருகிலுள்ள கட்டம் பெரிதாகவும் தள்ளியுள்ளது சிறிதாகவும் ஆகி, நெய்தவர் நேராக நெய்த சேலை கோணலாகத் தெரியும்.

கேமரா எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? முழு உருவத்துக்கு மாடலின் இடுப்பு உயரம். கண் உயரத்திலிருந்து எடுத்தால் கால் குட்டையாகி, கீழ்க்கரை ஒடுங்கிவிடும். முட்டி மடக்கி எடுத்தே பழகுங்கள்.

எஃப் 1.8 திறப்பின் மேல் வரும் ஆசையை அடக்குங்கள் (எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸின் திறப்பு பெரிதாகும்). இரண்டு மீட்டர் தூரத்தில் அந்தத் திறப்பில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ. கண் கூர்மையாக இருக்கும், தோளிலிருந்து முந்தானை மங்கிவிடும். எஃப் 4 வைத்தால் அது 25 செ.மீ. ஆகும், முகமும் துணியும் இரண்டும் கிடைக்கும். நெருக்கப் படத்துக்கு எஃப் 8.

தாழ்வாரத்தில் தொடக்க அளவுகள்: எஃப் 4, ஷட்டர் வேகம் 1/250 விநாடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 400 முதல் 800 வரை. நடக்கும் படத்துக்கு 1/800-க்கு ஏற்றி ஐஎஸ்ஓ-வைக் கூட்டுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, குலுங்கிய கரையை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ரா ஃபைலாகவே (கேமரா திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் 500 ரா படங்களுக்கு 15 ஜிபி வரை ஆகலாம். 64 ஜிபி அட்டை இரண்டும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்

காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முற்றத்துத் தரையில் ஒரு பக்கம் வெயில் விழும். மாடலை வெயிலில் நிறுத்தாதீர்கள். முற்றத்தை நோக்கியபடி தாழ்வார நிழலில், தூணிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நிறுத்துங்கள். திறந்த வானமும் வெயில் பட்ட தரையும் சேர்ந்து பெரிய மென்மையான விளக்காகிவிடும். ஆனால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களின் சிவப்பும் பச்சையும் அதே வழியில் தாடையின் அடியில் வந்து ஒட்டும். கேமராவில் படாத இடத்தில், வெயில் விழும் தரைமேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைப் போடுங்கள், நிறம் சுத்தமாகிவிடும்.

நண்பகலில் எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும், கண்குழி கறுத்துவிடும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் அடுத்த சேலைக்கும் வையுங்கள். மூன்றரைக்கு மறுபடி தொடங்கலாம்.

தெர்மாகோல் தகடு நான்கு வாங்கி, இரண்டிரண்டாக நீளவாக்கில் டேப் போட்டுப் புத்தகம்போல் மடியும்படி செய்தால் அதுவே தானாக நிற்கும் ரிஃப்ளெக்டர். ஒரு ஜோடியின் ஒரு பக்கத்துக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் தெர்மாகோல் கரைந்துவிடும். வெள்ளைப் பக்கம் நிழலை நிரப்பும். கறுப்புப் பக்கத்தை உடலின் ஒரு பக்கம் அரை மீட்டர் தள்ளி வைத்தால் அந்தப் பக்கம் நிழல் ஆழமாகி, மடிப்புகள் எழும்பும். கண்டாங்கிக்குப் பெரும்பாலும் கறுப்புதான் வேலை செய்யும். மாணவர்கள் வெள்ளையை மட்டுமே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுகிறார்கள்.

செங்கல் சிவப்புச் சேலைக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச அளவு வரைபடம்) சரியாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் மட்டும் முட்டி நின்றுவிடும். பிறகு கட்டமே தெரியாமல் சிவப்புக் கறையாகப் படம் வரும். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவைத்து, தேவைப்பட்டால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். கறுப்புச் சேலைக்கு இதற்கு நேர்மாறான தொல்லை: கேமரா தானாக அளந்தால் எல்லாவற்றையும் வெளுக்கவைத்துவிடும். மேனுவலில் வைத்து முகத்தைப் பார்த்து அளவெடுங்கள்.

முகம் என்றதும் தோல் நிறம். மாடல் கறுப்பாக இருந்தால் அந்தக் கறுப்பு அழகாக வரும்படி எடுப்பதுதான் வேலை. எக்ஸ்போஷரை ஏற்றி வெளுக்க வைக்காதீர்கள், மேக்கப்பிலும் தோலைவிட இரண்டு ஷேடு வெளிர்நிறமாகப் போட விடாதீர்கள். கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும். கறுத்த தோலில் அழகைக் கொண்டுவருவது கன்ன எலும்பிலும் தோளிலும் ஓடும் மினுக்கம். அதற்குப் பெரிய மென்மையான வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், பவுடரை அளவோடு போடுங்கள்.

ஒவ்வொரு சேலைக்கும், வெளிச்சம் மாறும் ஒவ்வொரு முறையும், மாடல் கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து ஒரு படம். பத்து விநாடி வேலை. நிறம் சரிசெய்ய உட்காரும் இரவில் அதன் அருமை தெரியும்.

அன்றைய நாள்

காலை 7 மணிக்குக் குழு வரட்டும். மேக்கப்பும் தலையும் ஒன்றேகால் மணி நேரம், சேலை கட்ட அரை மணி. 9 மணிக்கு முதல் படம். காலையில் கறுப்பும் சிவப்பும், மாலை மஞ்சள் வெயிலுக்குக் கடுகு மஞ்சள். ஒரு படத்துக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். ஏசி அறையிலோ ஏசி காரிலோ இருந்த கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமலே அரை மணி வெளியே வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முதல் பத்துப் படம் எடுத்ததும் நிறுத்தி, திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கண் கூர்மையா? கரை முழுதாகத் தெரிகிறதா? உள்பாவாடை எட்டிப் பார்க்கிறதா? துணியில் வானவில்போல நெளியும் வரிகள் தெரிந்தால் அது மோய்ரே. முழு உருவம் எடுக்கும்போது 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு பிக்சல் துணியில் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டரைப் பார்க்கிறது. நூல்களின் இடைவெளியும் அதை ஒட்டியே வந்தால் இரண்டும் மோதி இல்லாத வரிகளை உண்டாக்கும். அரையடி முன்னோ பின்னோ நகருங்கள், அல்லது மாடலைக் கொஞ்சம் திருப்புங்கள். பிறகு மென்பொருளில் நீக்குவது கடினம், நீக்கினால் நெசவும் சேர்ந்து போகும்.

மாடலிடம் ‘இயல்பா இருங்க’ என்று சொல்வதால் எதுவும் நடக்காது. செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள்: முந்தானையை இடுப்பில் செருகுங்கள், தூணைத் தொட்டபடி மெதுவாகத் திரும்புங்கள், மூன்றடி நடந்து நின்று பின்னால் பாருங்கள். கை துணியைத் தொடும் வேலையாக இருந்தால் துணியின் கனமும் படத்தில் வந்துவிடும். உடையைப் பார்த்துக்கொள்பவர் ஒவ்வொரு ஐந்து படத்துக்கும் ஒருமுறை உள்ளே போய்க் கரையை நேராக்க வேண்டும். நீங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் துணியை மட்டும் பார்க்கட்டும்.

தேர்வும் திருத்தமும்

அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். தேர்வை மறுநாள் செய்யுங்கள். ஐநூறில் நாற்பது, நாற்பதில் பன்னிரண்டு, பிறகு ஆறு. கடைசித் தேர்வில் படப்பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ‘தெரிய வேண்டியது’ என்று எழுதியது உண்மையிலேயே தெரிகிறதா என்று பாருங்கள். முகம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் துணி தெரியாத படம் தொகுப்பில் வேண்டாம். அதை மாடலுக்குப் பரிசாகக் கொடுங்கள்.

சாம்பல் அட்டைப் படத்தில் வெள்ளைச் சமநிலையை அமைத்து அந்தச் சேலையின் எல்லாப் படங்களுக்கும் ஒட்டுங்கள். முடிந்தால் சேலையைப் பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடுகு மஞ்சள் எலுமிச்சை மஞ்சளாக மாறுவது மிக எளிதில் நடக்கும். பருவை நீக்கலாம், தோலை வழவழப்பாக்க வேண்டாம். இடுப்பை ஒடுக்கும் கருவியைத் தொடவே தொடாதீர்கள். மாடலின் உடலை மாற்றுவது அவரிடம் கேட்காமல் செய்யும் காரியம்; போதாததற்குக் கண்டாங்கியின் கட்டம் வளைந்து அப்படியே காட்டிக்கொடுக்கும்.

இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில், நீளப்பக்கம் 2048 பிக்சல். சிறிதாக்கியபின் கட்டம் நெளிகிறதா என்று மறுபடி பாருங்கள். மதிப்பீட்டுக்கு அச்சிடுவதானால் முதலில் ஒரே ஒரு சோதனை அச்சு எடுத்து, சிவப்பும் கறுப்பும் அடைத்துக்கொள்ளவில்லை என்று உறுதி செய்த பிறகு மீதியை அச்சுக்குக் கொடுங்கள்.

படக்குறிப்பில் மாடல், மேக்கப், உடை, உதவியாளர் எல்லோர் பெயரும் அவரவர் சம்மதத்தோடு வரட்டும். நெய்தவர் யாரென்று கடையில் கேளுங்கள். தெரிந்தால், அவரும் ஒப்புக்கொண்டால், அந்தப் பெயரை முதலில் போடுங்கள். சேலையை ஊக்குகள் எல்லாம் எடுத்து, கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, சலவை செய்து, சொன்ன தேதிக்கு முன்பே கடையில் கொடுத்துவிடுங்கள். போகும்போது ஆறு படங்களின் அச்சுப் பிரதி ஒன்றும் கொண்டு போங்கள். அடுத்த ஆண்டு ஜூனியர்களுக்குச் சேலை கிடைப்பது அதைப் பொறுத்தது.